இருபது பாக்கெட் திருநீறு

திருத்தணி
12 ஜூன் 2024

அன்புள்ள அம்சா,

ஒரு வீட்டுக்கு மாதம் இருபது பாக்கெட் திருநீறு எதற்கு? மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் டில்லிபாபு நேற்று என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியில் என்னிடம் வேதியியல் படித்துத் தேறாமல் போனவன். டீச்சரைப் பதில் இல்லாமல் நிறுத்திவிட்ட சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது.

"என்னா டீச்சர், நீங்க சாமி கும்புடாதவங்க. போன மாசம் பத்து, இந்த மாசம் இருபது. பம்பாய்ப் பக்கம் பிவண்டியில கோயிலு கட்டிகினு இருக்காங்களா?"

"தங்கச்சி கேட்டா. அனுப்பறேன்."

"அம்சாக்காவா? அது செருப்பப் பாத்துக்கறேன்னு சொல்லி வெளியவே நின்னுகினு இருக்குமே."

அவன் சொன்னது சரிதான். உனக்கு எப்போது பக்தி வந்தது? போனில் கேட்டிருப்பேன். உன் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். உன் மாமியாரும் ஓரகத்தியும் கேட்டுக்கொண்டிருக்க நீ "ஆங், ஆங்" என்று மட்டும் சொல்கிறாய். அவர்களுக்குத் தெலுங்கும் இந்தியும்தான் படிக்க வரும் என்பதால், நாம் இரண்டு பேரும் மட்டும் பேசிக்கொள்ள இந்தத் தமிழ்க் கடிதம்தான் இருக்கிறது. உண்மையை இதில் எழுது.

இங்கே வெயில் சுடுகிறது. ஐஸ்கட்டியைக் கடித்தபடிதான் எழுதுகிறேன், காகிதத்தில் சொட்டியிருந்தால் பொறுத்துக்கொள். இந்த வருடம் மாடி வகுப்புகள் வேண்டாமென்று தரைத்தள வகுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முட்டி வலி என்று சொல்லியிருக்கிறேன். சினேகா பத்தாம் வகுப்பில் எப்படிப் படிக்கிறாள்? உன் வீட்டுக்காரர் கங்காதரனையும் கேட்டதாகச் சொல்.

அனுராதா

*

பிவண்டி
24 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு அம்சா எழுதிக்கொள்வது.

பார்சல் வந்தது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

திருநீற்றைப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கிறேன். நம் ஊர்த் திருநீறு என்றால் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த முறை மஞ்சள் பாக்கெட் வேண்டாம் அக்கா, அதில் செண்ட் வாசனை. முன்னே அனுப்பிய வெள்ளைப் பாக்கெட்தான் நன்றாக இருக்கிறது. முதல் மழைக்கு மண் மணக்குமே, அந்த மணம். நறநறப்பும் இல்லை.

சினேகா நன்றாகப் படிக்கிறாள். தறிக்கூடத்தில் எனக்கு வழக்கம்போல நூல் சுற்றும் வேலை. வீடு இரண்டாவது மாடியில் அல்லவா, தண்ணீரைக் கீழிருந்துதான் தூக்க வேண்டும். இப்போதெல்லாம் நடுப்படியில் ஒரு முறை உட்கார்ந்துதான் ஏறுகிறேன். நாற்பத்திரண்டு ஆகிறது, வயசுதான். மாதாமாதம் வருவது உனக்குத் தெரியும், அது கொஞ்சம் அதிகம். அத்தை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஒன்று சொன்னார். தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நீ கவலைப்படாதே.

வெள்ளைப் பாக்கெட், மறக்காதே.

உன் தங்கை
அம்சா

*

திருத்தணி
5 ஜூலை 2024

அம்சா,

நலம் விசாரிக்கும் வரிகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

திருநீற்றின் நறநறப்பு நெற்றிக்குத் தெரியாது. பல்லுக்குத்தான் தெரியும். நீ அதைத் தின்கிறாய்.

இரண்டு நாள் யோசித்தேன். பள்ளியில் வாரம் ஒரு முறை பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. என் கண்ணெதிரே விழுங்க வைப்பேன். வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டேன், சின்னத் தம்பி தங்கை மிட்டாய் என்று எடுத்துவிடும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சாக்பீஸ் தின்கிறாள், இன்னொருத்தி பச்சரிசி. இதைக் கெட்ட பழக்கம் என்று வீட்டில் அடிக்கிறார்கள். உடம்பில் இரும்பு குறைந்தால் சிலருக்கு இப்படி மண்ணிலும் சாம்பலிலும் ஆசை வரும். அடித்துத் தீர்க்கிற விஷயம் இல்லை.

அந்த வெள்ளைப் பாக்கெட்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அமிலம் இரண்டு சொட்டு விட்டேன். பொங்கி நுரைத்தது. சாணச் சாம்பல் எவ்வளவு இருக்கிறதோ தெரியாது, சுண்ணாம்புப் பொடி நிறைய இருக்கிறது. சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சம் இரும்பையும் அது உடம்பில் சேரவிடாது. இனி என்னிடமிருந்து ஒரு பாக்கெட்கூட வராது.

ரத்தப் பரிசோதனை செய். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, உடம்பில் சேர்த்துவைத்த இரும்பைக் காட்டும் பெரிட்டினும் பார்க்கச் சொல். ரத்தம் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிலருக்குப் பரம்பரையாகவே குறைந்திருக்கும், அவர்கள் காரணம் தெரியாமல் இரும்பை விழுங்கினால் கெடுதல். அதனால் பரிசோதனைக்கு முன்னால் மாத்திரை எதுவும் வேண்டாம்.

அந்த டாக்டர் சொன்ன "ஒன்று" என்ன?

மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அனுராதா

*

பிவண்டி
30 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது. மூன்று வாரம் பதில் எழுதவில்லை. கோபித்துக்கொண்டேன் என்று நினைக்காதே.

ஆமாம், தின்கிறேன். மார்ச்சிலிருந்து. முதலில் ஒரு சிட்டிகை. இப்போது ஒரு பாக்கெட் இரண்டு நாளைக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டில் யாருக்கும் கொடுக்கவில்லை. சாமி அறையில் அதிக நேரம் நிற்கிறேன் என்று அத்தைக்கு என்மேல் நல்ல எண்ணம் வந்திருந்தது. அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

சினேகாவுக்கு நோட்டு வாங்கப் போவதாகச் சொல்லி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ஹீமோகுளோபின் 7.6. பெரிட்டின் 4. ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

டாக்டர் சொன்னது கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லி. ஸ்கேன் எடுக்கவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டையில் முடிந்துவிடுமாம். அத்தைக்கு அது பெரிய விஷயம் இல்லை. அவர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார், உனக்குத் தெரியும். "பெத்தது போதும்னு ஆபரேசன் பண்ணிகினல்ல, அந்தப் பை இருந்து இன்னா பண்ணப் போற? எனக்கு எடுக்கலியா, உன் ஓரகத்திக்கு எடுக்கலியா?" என்கிறார். ஓரகத்திக்கு இருபத்தொன்பதுதான் ஆகிறது அக்கா. எடுத்ததிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள்.

அந்த டாக்டர் ஒரு இரும்பு டானிக்கும் எழுதியிருந்தார். உடம்பு சூடாகி இன்னும் போகும் என்று அத்தை அதைக் கொட்டிவிட்டார். எனக்குப் பையை எடுக்க இஷ்டமில்லை. யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நேற்று ஆடிக் கிருத்திகை ஆயிற்றே, மலைக்குப் போனாயா? உன் உடம்பு எப்படி?

அம்சா

*

திருத்தணி
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்சா,

கிருத்திகைக்குக் கூட்டம், நான் ஏறவில்லை.

உன் ரிப்போர்ட்டை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். இது இரும்புக் குறைவுதான், சந்தேகமில்லை என்றார். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், ஏன் இவ்வளவு போகிறது என்று அங்கேயே ஒரு ஸ்கேன் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றார். என் முகத்தைப் பார்த்தும் ஏதோ கேட்டார். நான் வந்தது தங்கை விஷயமாக என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அறுபது மாத்திரை அனுப்புகிறேன். காலையில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீரில் விழுங்கு, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் இன்னும் நல்லது. வயிறு புரட்டினால் சாப்பிட்ட பிறகு போடு, அதற்காக நிறுத்திவிடாதே. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. சீக்கிரம் தேற வேண்டுமென்றும் இரண்டு போடக் கூடாது. இரும்பு அளவு மீறினால் விஷம். மலம் கருப்பாகப் போகும், பயப்படாதே. தாரைப் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் மட்டும் டாக்டரிடம் ஓடு.

நம் பக்கத்திலும் இதே கதைதான். நாற்பது தாண்டியவள் ரத்தப்போக்கு என்று போனால் பல்லைப் பிடுங்குவதுபோலப் பையை எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். எடுத்தே ஆக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எடுக்கட்டும். ஸ்கேன்கூட எடுக்காமல் 7.6 ரத்தத்தோடு உன்னை மேஜையில் கிடத்த ஒருவர் தேதி குறிக்கிறார் என்றால், அதற்குத் தலையாட்ட வேண்டிய கடமை உனக்கு இல்லை.

மாத்திரை அட்டைகளைத் திருநீற்றுப் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருக்கிறேன். சாமி அலமாரியில் இருக்கும் திருநீற்றுச் சம்புடத்துக்குள் ஒளித்துவை. உன் வீட்டில் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். பாக்கெட்டுகளைத் தின்னாதே.

அனுராதா

*

பிவண்டி
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாமி கும்பிடுவதுபோல நின்று தினமும் ஒன்று போட்டுக்கொள்கிறேன். நாலு நாள் வயிறு புரட்டியது, இப்போது பழகிவிட்டது. நீ எழுதியிருந்தும் மலம் கருப்பாகப் போனதும் பயந்துதான் போனேன்.

ஒரு அதிசயம். சம்புடத்தைத் திறந்தால் திருநீறு வெறும் திருநீறாகத்தான் தெரிகிறது. நாக்கு கேட்பதில்லை. எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

ஆனால் படியில் மூச்சு வாங்குவது குறையவில்லை. தறிக்கூடத்துக்குப் பக்கத்து லேபில் ரத்தம் பார்த்தேன், 7.9தான். ஒரு மாதத்துக்கு இவ்வளவுதானா? மாத்திரை வாசனைக்குத் தண்ணீர் இறங்கவில்லை, காலை டீயோடு விழுங்கிவிடுகிறேன். அது பரவாயில்லை அல்லவா? கேஸ் மாத்திரையும் கூடவே போட்டுக்கொள்கிறேன்.

சினேகா உன் கடிதங்களைத் தடவித் தடவிப் பார்த்து, "பெரியம்மா அழுதுகினே எழுதறாங்களா, எழுத்தெல்லாம் கலைஞ்சிருக்கு" என்று கேட்டாள். நீ அழுகிறவள் இல்லை என்று சொன்னேன்.

உன் உடம்பு எப்படி? இது மூன்றாவது முறை கேட்கிறேன்.

அம்சா

*

திருத்தணி
17 செப்டம்பர் 2024

அம்சா,

டீயோடு போட்டால் மாத்திரையில் பாதிக்குமேல் வீண். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். காபி, பால், கேஸ் மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை எல்லாம் அப்படித்தான். மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இவை எதுவும் வேண்டாம். தறிக்கூடத்தில் மணிக்கொரு டீ வரும், குடிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். விரதம் என்று சொல். உன் பக்திதான் ஊரறிந்தது ஆயிற்றே.

இதை முன்பே எழுதாமல் விட்டது என் தவறு.

நான் நன்றாக இருக்கிறேன்.

அனுராதா

*

திருத்தணி
14 அக்டோபர் 2024

அம்சா,

நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. நேற்று போன் செய்தேன். எடுத்தது உன் மாமியார். "அம்சா வேலயா கீது" என்று வைத்துவிட்டார். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் என்றாலும் உன் "ஆங்" ஒன்று கேட்டிருந்தால் போதும்.

ஒரு வரி எழுது.

அனுராதா

*

பிவண்டி
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் ஓரகத்தியின் பெண் பானுப்ரியாவுக்கு மூன்று வயது. நான் திருநீற்றுச் சம்புடத்துக்கு முன்னால் தினமும் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். இருபது நாள் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்துவிட்டாள். நான் குடத்தோடு உள்ளே வரும்போது நெற்றியெல்லாம் திருநீறு, உதடு சிவப்பு.

அட்டையில் எட்டு இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தது. ஒன்று தரையில் கிடந்தது. ஒன்று அவள் சப்பித் துப்பியது. ஒன்றைக் காணவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் எனக்கு வம்பு இல்லை. ஒரு நொடி அப்படியும் நினைத்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு அட்டையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, "பானு என் இரும்பு மாத்திரைய முழுங்கிட்டா" என்று கத்திக்கொண்டே படியிறங்கினேன். மொத்தக் கட்டடமும் கேட்டது. அரசாங்க மருத்துவமனைக்கு ஓடினோம். ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். வாந்தி எடுத்தாள், அவ்வளவுதான். இப்போது ஓடி விளையாடுகிறாள். அட்டையைக் கையில் கொண்டுவந்து எத்தனை என்று சரியாகச் சொன்னது நல்லதாயிற்று என்றார் டாக்டரம்மா.

அவரே என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "குழந்தை இருக்கட்டும், நீ எப்படி ஓடி வந்தாய்?" என்று இந்தியில் கேட்டார். ரத்தம், ஸ்கேன் எல்லாம் அங்கேயே ஆயிற்று. ரத்தம் 8.7. கர்ப்பப்பையில் இலந்தைப்பழம் அளவு ஒரு கட்டி. இதற்குப் பையை எடுக்க வேண்டியதில்லை, போக்கைக் குறைக்க மாத்திரை தருகிறேன், இரும்பை விடாதே என்றார். இப்போது மாத்திரைகள் பூட்டிய டிரங்குப் பெட்டியில். சாவி தாலியில் கோத்த ஊக்கில்.

வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. ஓரகத்தி பானுவை என் பக்கம் விடுவதில்லை. அது நியாயம்தான். "உங்க அக்கா அனுப்பினது திருநீறு இல்லடி, வெசம்" என்றார் அத்தை. பையை எடுத்துவிட்டால் மாத்திரையும் வேண்டாம், வம்பும் வேண்டாம் என்று முதலில் சொன்ன அதே டாக்டரிடம் நவம்பர் 11 தேதி வாங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் எனக்காகப் பேசவில்லை. தறிச் சத்தத்தில் இருந்து இருந்து அவருக்கு வாய் பேசவே மறந்துபோயிற்று.

நாலு வாரம் எழுதாததற்கு இதுதான் காரணம். ஒளித்துவைக்கச் சொன்னது நீ என்று எழுத வரவில்லை.

அம்சா

*

திருத்தணி
26 அக்டோபர் 2024

அம்சா,

ஒளித்துவைக்கச் சொன்னது நான்தான். வாரா வாரம் பிள்ளைகளிடம் எதைச் செய்யாதே என்கிறேனோ அதை உன்னைச் செய்யச் சொன்னேன். உன் மாமியாரை ஏமாற்றுகிற கெட்டிக்காரத்தனத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று அந்த வீட்டில் இருப்பது என் நினைவிலேயே இல்லை. பானுவின் அம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல். தெலுங்கில் சொல், அவளுக்குப் புரியும்படி.

மூன்று நாளாக இங்கே மழை. சரவணப் பொய்கை நிரம்பியிருக்கிறது என்றார்கள். ஐஸ் டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்து எழுதினேன்.

11ஆம் தேதி பற்றி இனி நான் யோசனை சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். உனக்கு நினைவு இருக்கிறவரை உன் கையெழுத்து இல்லாமல் யாரும் உன்மேல் கத்தி வைக்க முடியாது. கங்காதரன் போட்டாலும் செல்லாது, மாமியார் போட்டாலும் செல்லாது. நீதான் போட வேண்டும்.

அனுராதா

*

பிவண்டி
15 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு அம்சா.

சௌக்கியமாக இருக்கிறேன். இந்த முறை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. பை என்னோடுதான் இருக்கிறது.

11ஆம் தேதி காலை எல்லாரும் ஆட்டோவில் போனோம். பச்சை உடுப்பு கொடுத்தார்கள், நான் மாற்றவில்லை. நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து கீழே இருந்த கோட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பேனாவை வாங்கி, "எனக்குச் சம்மதம் இல்லை, அம்சா" என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, மதராஸிப் பெயரெல்லாம் நீளம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே எடுத்துப்போனாள்.

அக்கா, அந்த நிமிடம் எனக்கு வேர்த்துவிட்டது. அப்படியே விட்டால் அதைக் கையெழுத்தாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் புரியாத எழுத்தில் இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்தது போதும் என்று எழுந்து பின்னாலேயே போனேன். "அது பெயர் இல்லை. மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன்" என்று இந்தியில் சொன்னேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். படிவத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தேன்.

அத்தை ஓடிவந்தார். "ஊரு முன்னால மானத்த வாங்கறியா? ரத்தம் போயி போயி நீயே செத்துப் போவடி" என்றார்.

"சாவறதுக்கா தெனம் மாத்திரை போட்டுகினு இருக்கேன்? இங்க வா அத்த, கண்ணப் பாரு" என்று இமையைக் கீழே இழுத்துக் காட்டினேன். "ஜூலையில வெள்ளக் காயிதம் மாரி இருந்திச்சு. இப்போ எப்படி கீது, நீயே சொல்லு."

அவர் பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார்.

அங்கிருந்து நேராக அரசாங்க மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். 10.3. போக்கும் இந்த மாதம் பாதிதான். பன்னிரண்டு ஆன பிறகும் மூன்று மாதம் மாத்திரையை விடக் கூடாது என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது ஆட்டோவில் சினேகாவின் அப்பா வாயைத் திறந்தார். "எலுமிச்சம்பழம் வாங்கணுமா?" என்று கேட்டார். பத்து வாங்கினோம்.

இப்போது உன் விஷயம்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் வட்டமாக ஈரம் காய்ந்த தழும்பு. ஜூனில் வெயில், சரி. மூன்று நாள் மழையில் யார் ஐஸ் கடிப்பார்கள்? மாடி வகுப்பு வேண்டாம் என்கிறாய். கிருத்திகைக்கு மலை ஏறவில்லை. பொய்கை நிரம்பியதைக்கூட யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்கிறாய். அந்த டாக்டர் உன் முகத்தைப் பார்த்து என்ன கேட்டார்? உன் உடம்பைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் ஒரே ஒரு முறை, நன்றாக இருக்கிறேன் என்று எழுதினாய்.

ஐஸ் தின்பதைப் பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டேன். திருநீறும் ஐஸும் ஒன்றுதான், உன் அக்காவை ரத்தம் பார்க்கச் சொல் என்றார்.

உண்மையை இதில் எழுது. முதல் கடிதத்தில் நீ சொன்னதுதான்.

அம்சா

*

திருத்தணி
24 நவம்பர் 2024

அன்புள்ள அம்சா,

நீ படிவத்தைக் கிழித்த இடத்தை மூன்று முறை படித்தேன்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நான் நன்றாக இல்லை. ஒன்றரை வருடமாக மாதத்தில் பத்து நாள் போகிறது. அந்த நாட்களில் கரும்பச்சைச் சேலை மட்டும்தான் கட்டுகிறேன். நாற்பத்தெட்டாகிறது, நிற்கப்போகிற காலத்தில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் காற்று வாங்க மலைப்படி ஏறுவேன் அல்லவா, முந்நூற்று அறுபத்தைந்தையும் நிற்காமல் ஏறியவள் பிப்ரவரியில் நூறாவது படிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து இறங்கியவள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. முட்டி வலி என்று பள்ளியில் சொன்னது பொய். முட்டிக்கு ஒன்றும் இல்லை.

ஐஸ் காலையில் ஒரு தட்டு, மாலையில் ஒரு தட்டு. ஐஸில் கெடுதல் என்ன, வெறும் தண்ணீர்தானே என்று எனக்கு நானே வாதாடினேன்.

உனக்கு மாத்திரை வாங்கிய அன்றே எனக்கும் இரண்டு அட்டை வாங்கினேன். பரிசோதனை இல்லாமல் விழுங்கக் கூடாது என்று உனக்கு எழுதியிருந்தேனே, அதனால் விழுங்கவில்லை. பரிசோதனைக்கும் போகவில்லை. அட்டைகள் பீரோவில் பூட்டியபடி இருக்கின்றன. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று எனக்கு ஊரில் பெயர். என் உடம்பு சொன்ன சமாதானத்தை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினேன். யாராவது ஒரு டாக்டர் என்னையும் பையை எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. உனக்கு அவ்வளவு தைரியம் எழுதி அனுப்பியவளுக்கு அந்தப் பயம்.

நாளை திங்கள். காலையில் மருத்துவமனைக்குப் போகிறேன். போவேன் என்று எழுதி இதை மூடினால் நீ நம்ப மாட்டாய். நானும் நம்ப மாட்டேன். அதனால் இந்தக் கடிதத்தை இன்று ஒட்டப்போவதில்லை.

25 நவம்பர், மாலை

போனேன். ரத்தம் எடுத்தது தீபா, என் பழைய மாணவி. வாரா வாரம் என் முன்னால் மாத்திரை விழுங்கியவள். "ஊசின்னா பயமா டீச்சர்? அந்தப் பக்கம் பாத்துகினு இருங்க" என்றாள். ஹீமோகுளோபின் 7.4. உன்னுடைய ஜூலைக் கணக்கைவிடக் குறைவு. பெரிட்டின் புதன்கிழமை வரும். ஸ்கேன் வியாழக்கிழமை. அதைப் பார்த்த பிறகுதான் மாத்திரையா, ஊசியா, வேறு எதுவா என்று சொல்வேன் என்றார் டாக்டர். பையைப் பற்றிப் பேச்சு வரவில்லை. வந்தால் நான் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஐஸ் தின்றேன். உண்மையை எழுதச் சொன்னாய்.

வழியில் எலுமிச்சம்பழம் வாங்க நின்றேன். பக்கத்துக் கடையிலிருந்து டில்லிபாபு கூப்பிட்டு, எப்போதும்போல டீ நீட்டினான். வேண்டாம் என்றேன்.

"என்னா டீச்சர், கார்த்திகை விரதமா?" என்றான். பத்து பேர் நின்றிருந்தார்கள்.

"விரதம் இல்ல டில்லி. எனக்கு உடம்புல ரத்தம் இல்ல. ஏழு பாயிண்ட் நாலு. தங்கச்சி திருநீறு கேட்டதும் அதுக்குத்தான், தின்றதுக்கு. மாசம் இருபது பாக்கெட் யாராவது கேட்டா விக்காத, என்கிட்ட அனுப்பு."

டில்லி டீயைக் கீழே வைத்தான். பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் என்னையே பார்த்தாள். அவள் கையில் நான்கு வெள்ளைத் திருநீற்றுப் பாக்கெட்டுகள் இருந்தன.

அனுராதா